பச்சை நூல் கட்டிய மீன்

புனேயில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்து, உள்ளே கிடக்கும் மீனை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகவா அவ்வளவு தூரம் ரயிலில் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தபோது எங்கள் கல்லூரி முதல்வரும் அதையே ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். தாமிரபரணிக்கு மலையிலிருந்து இறங்கி வரும் ஓடைகளில் கல்லொட்டி என்று ஒரு சின்ன மீன் உண்டு. வாய்க்குக் கீழே வட்டமாக ஒரு தட்டு இருக்கும். அதால் பாறையைக் கவ்விக்கொண்டு எவ்வளவு வேகமான தண்ணீரிலும் நகராமல் நிற்கும். வகுப்பு போக மிச்ச நேரத்தில், முனைவர் பட்டத்துக்காக, சில வருஷங்களாக அந்த மீனோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

டி.என்.ஏ. பார்கோடு என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. சோப்பு உறையில் இருக்கும் கறுப்புக் கோடுகளைக் கருவியில் காட்டினால் பெயரும் விலையும் வருகிறதல்லவா, அது மாதிரி. மீனின் சதையில் ஒரு துணுக்கை எடுத்து, அதன் டி.என்.ஏ.வில் ஒரு சின்னப் பகுதியை எழுத்து எழுத்தாகப் படித்து, உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு தொகுப்பில் தேடினால் மீனின் பெயர் வந்துவிடும். அந்தத் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு எழுத்து வரிசைக்கும் ஓர் எண் உண்டு. அதே எண் கட்டிய உடல் ஏதோ ஓர் ஊரில் ஒரு ஜாடிக்குள் இருக்க வேண்டும். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் யாரும் போவதில்லை.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் என் மீனைப் படித்துக் கொடுத்தார்கள். தேடிப் பார்த்தேன். ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் ஒரு வரிசையோடு பொருந்தியது. ஆனால் வந்த பெயர் என் மீனுடையது இல்லை. புனேயில் ஒரு பழைய கல்லூரிச் சேகரிப்பில் இருக்கும் தக்காணத்துக் கல்லொட்டியின் பெயர். அந்த மீனுக்கு நெஞ்சு முழுக்கச் செதில் உண்டு. என் மீனின் நெஞ்சில் ஒரு செதில்கூடக் கிடையாது, வழவழவென்று இருக்கும். எத்தனையோ மீன்களைப் புரட்டிப் பார்த்து நான் எழுதி வைத்தது அது.

பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. கட்டுரையாளருக்கு மீனை அடையாளம் காணத் தெரியவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். என் வழிகாட்டிப் பேராசிரியரும் கையை விரித்துவிட்டார். “டி.என்.ஏ.வே சொல்லிட்டுன்னா நாம என்னம்மா சொல்ல முடியும்? பேர மாத்திப் போட்டு முடிச்சிருங்க.”

பெயரை மாற்றினால் ஆய்வேட்டில் பாதி போய்விடும். அது போனால் போகட்டும். என் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமே, அதுதான் முடியவில்லை. புனே கல்லூரிக்கு எழுதினேன். சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஷைலஜா மேடத்திடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: எங்கள் மீன் சரியாகத்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நேரில் வரலாம்.

புறப்பட்டுவிட்டேன்.

தங்குவதற்குக் கவலை இல்லை. என் தாய்மாமா மகள் வள்ளி மைனி புனேயை ஒட்டிய நிக்டியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணனுக்குச் சிஞ்ச்வடில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமான புதிதில் போனவர்கள் அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார்கள். அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்து, லோக்கல் ரயிலில் ஆகுர்டிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து சிக்ஸ் சீட்டரில் ஏற்றினார். ஆறு பேருக்கான பெரிய டீசல் ஆட்டோ என்று பெயர். உள்ளே எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணிப் பார்க்கத் தலையைத் திருப்ப இடமில்லை. வெளியே மெல்லிய தூறல். எங்கள் ஊர் மழை வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த மழைக்குப் போகிற எண்ணமே இல்லை. சும்மா நின்று ஊரை நனைத்துக்கொண்டிருந்தது.

“டப்பாவுல என்ன கோமதி? மாமி அல்வா குடுத்து விட்டாகளா?” என்றார் அண்ணன்.

“மீனு அண்ணே.”

“ரெண்டு நாளா ரயில்ல வந்த மீனா?”

ஆய்வு மீன்களை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் கட்டி, டிபன் டப்பாவுக்குள் வைத்திருந்தேன். ஒரு பள்ளத்தில் ஆட்டோ குதித்ததில் மூடி நெகிழ்ந்துவிட்டது. ஸ்பிரிட் வாடை வண்டி முழுக்கப் பரவியது. எதிரே இருந்த அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அண்ணனிடம் மராத்தியில் ஏதோ கேட்டாள்.

“நீ நர்ஸாம்மான்னு கேக்காங்க. முழங்கால் வலிக்கு என்ன மாத்திரைன்னு சொல்லணுமாம்.”

மீன் டாக்டர் என்று அண்ணன் சொன்னாரோ என்னவோ, வண்டியே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்போது முழங்காலை ஒரு தடவை எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

மைனி வாசலிலேயே நின்றாள். “ஏட்டி, என்ன இப்பிடி எலும்பாப் போயிட்ட? கை கழுவிட்டு வா. பொஹா பண்ணிருக்கேன், நிம்பு பிழிஞ்சு சாப்பிடு. கோதிம்பிர் தூவுறதுக்குள்ள கரண்டு போயிட்டு.” அவள் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. அவல், எலுமிச்சை, கொத்தமல்லி என்று கடைச் சாமான் மட்டும் மராத்திக்கும் இந்திக்கும் மாறிவிட்டிருந்தது.

அவள் மகள் தர்ஷினி பொறியியல் படிக்கிறாள். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். “அத்தை, நீங்க மீன்... கட் பண்றதுக்கு வந்தீங்களா?”

“இல்லம்மா, பாக்கறதுக்கு.”

“சிர்ஃப்... சும்மா பாக்க? போட்டோ அனுப்ப சொல்லலாம்ல?”

“போட்டோவுல திருப்பிப் பாக்க முடியாதே” என்றேன். சொல்லும்போது அது அவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினேன். லோக்கலில் பெண்கள் பெட்டி. பள்ளிக்கூட நாளில் இந்திப் பரீட்சை எழுதியவள் நான். பிறர் பேசினால் முக்கால்வாசி புரியும், வாய்தான் திறக்காது. பக்கத்தில் இரண்டு பேர் பட்டாணி உரித்துக்கொண்டே இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். “மருமகள் சமையல் எப்படி?” “நல்லாத்தான் சமைக்கிறா. அதான் எனக்குப் பயமா இருக்கு.” நான் சிரித்ததைப் பார்த்து, ஒருத்தி ஒரு பிடி பட்டாணியை எடுத்து என் கையில் வைத்தாள்.

சிவாஜிநகரில் இறங்கிய பிறகு நான் போக வேண்டிய திசையில் போக எந்த ஆட்டோக்காரருக்கும் மனமில்லை. நடந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் துப்பட்டாவால் முகத்தை முழுக்கக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். சிக்னலில் அப்படி ஒரு கூட்டம் நின்று, பச்சை விழுந்ததும் சீறிக்கொண்டு கிளம்பியபோது நான் நடைபாதையில் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன்.

கல்லூரி கருங்கல் கட்டடம். சேகரிப்பு அறையில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. தேக்கு அலமாரிகளில் கூரைவரைக்கும் ஜாடிகள். ஷைலஜா மேடம் வெளிர் பருத்திப் புடவையில், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். எனக்கு இப்போது ஞாபகத்தில் இருப்பது தமிழில்தான்.

“இவ்வளவு தூரம் வருவீங்கன்னு நினைக்கல” என்றார்.

“வரலாம்னு எழுதியிருந்தீங்களே மேடம்.”

“அது ஒரு மரியாதைக்கு எழுதறது.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “செதில் பார்க்கறதுல பழகினவங்களே தப்பு பண்ணுவாங்க. தப்பா நினைக்காதீங்க.”

டப்பாவைத் திறந்து என் மீனை வெள்ளைத் தட்டில் மல்லாக்கப் போட்டேன். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ரப்பர் குமிழால் நெஞ்சில் காற்று ஊதினேன். செதில் இருந்தால், ஈரம் விலகியதும் அதன் விளிம்பு தெரிந்துவிடும். அவர் குனிந்து பார்த்தார். தானே ஒரு தடவை ஊதிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை.

“செதில் இல்ல” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

போய்த் தன் ஜாடியை எடுத்து வந்தார். தொகுப்பில் இருக்கும் அதே எண், மீனின் செவுள் வழியே நூல் கோத்துக் கட்டியிருந்தது. அந்த மீனையும் மல்லாத்தினோம். நெஞ்சு முழுக்கச் செதில், கூரையில் ஓடு வேய்ந்தது போல வரிசையாக. தக்காணத்துக் கல்லொட்டியேதான். பெயரில் ஒரு தவறும் இல்லை.

இரண்டு பேரும் மீனைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறோம். மீன் இரண்டும் வேறு. ஆனால் டி.என்.ஏ. ஒன்று. அப்படி என்றால், வேறு வேறு மீனுக்கு எப்படி ஒரே டி.என்.ஏ. என்று மதிப்பீட்டாளர் கேட்காத ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கு என் படிப்பு போதாது.

“சாப்பிட்டுட்டு வாங்க. ஒரு மணிக்கு மேல இந்த ஊர்ல கடை திறந்திருக்காது” என்றார் மேடம்.

தெருமுனைக் கடையில் மிசல் சாப்பிட்டேன். முளைகட்டிய பயற்றுக் குழம்பின் மேல் மிக்சர், தொட்டுக்கொள்ள ரொட்டி. காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. குழம்பு தீர்ந்ததும் பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, “சாம்பிள் வேணுமா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே மிசல் குழம்புக்கே சாம்பிள் என்றுதான் பெயராம். என் பிரச்சினையே அதுதான் என்று சொல்ல எனக்கு இந்தி போதாது. தட்டை நீட்டினேன்.

திரும்பி வந்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அந்த மீனைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். மீன் ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுப்பதற்கும் அளப்பதற்கும் இடது பக்கத்தை வைத்துக்கொள்வோம். சதை வெட்ட வேண்டும் என்றால் வலது பக்கத்தில்தான் வெட்டுவோம். ஃபார்மலினில் ஊறிய உடலில் டி.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால், மீனை ஜாடிக்குள் போடும் முன்பே அந்தத் துணுக்கை வெட்டி ஸ்பிரிட் குப்பிக்குள் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு உடல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது எண் மட்டும்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மீனின் வலது பக்கம். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“மேடம், இதுல வெட்டவே இல்லையே.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். இடது பக்கத்தைத் திருப்பினார். துடுப்புகளை ஒவ்வொன்றாக விரித்தார். எல்லாம் முழுசாக இருந்தன.

“அப்போ எதுல வெட்டினது?” என்றார். கேள்வி எனக்கானது இல்லை. அலமாரியைப் பார்த்துக் கேட்டார்.

அறையைப் பூட்டுகிற நேரம் ஆகிவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்றார், இந்தத் தடவை மரியாதைக்கு இல்லை.

அன்று மாலை மனம் பறந்துகொண்டிருந்ததில் எதிர்த் திசை ரயிலில் ஏறிவிட்டேன். பிளாட்பாரத்தில் ஒருவரிடம் ஆகுர்டி என்று கேட்டேன். “ஹோ, ஹோ” என்றார். மராத்தியில் அதற்கு ஆமாம் என்று பொருள், அது சரிதான். என் விரல் எதிரே நின்ற ரயிலைக் காட்டியதை அவர் பார்க்கவில்லை. புனே ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பெட்டி பெருக்க வந்த பெண், “கடைசி ஸ்டேஷன் இதுதான். வேற எங்க போகணும்?” என்று கேட்டாள். அவளே என்னைச் சரியான ரயிலில் ஏற்றி, ஜன்னலுக்கு வெளியே நின்று, பெட்டியில் இருந்தவர்களிடம் என்னை ஆகுர்டியில் இறக்கிவிடும்படி உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது ஒருத்தி என்னைப் பார்த்து, இது இல்லை என்று தலையாட்டினாள். பாலத்தடியில் விநாயகர் விழாவுக்குப் பெரிய மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ரயில் தாண்டிய பிறகும் சத்தம் தொடர்ந்து வந்தது.

மைனி சொதி வைத்திருந்தாள். தேங்காயைக் கண்ணில் காட்டியிருப்பாள் போல, பால் மெலிதாக இருந்தது. “இங்க நாரியல் என்ன விலை தெரியுமா? ஊருன்னா மரத்துல ஏறிப் பறிப்போம்” என்றாள். எனக்கு அதுவே அமிர்தமாக இருந்தது. அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ உன் மேல தப்பு இல்லல்லா? பெறகென்ன, சாப்பிடு” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் நான் போவதற்கு முன்பே மேடம் கல்லொட்டி ஜாடிகளை எல்லாம் மேசை மேல் இறக்கி வைத்திருந்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். பழைய மாணவர்கள் ஒரு சுற்றுலாவில் தெற்கே போய் மீன் பிடித்து வந்ததாகவும், அந்த வருஷம்தான் சதைத் துணுக்குகள் எடுக்க ஆரம்பித்ததாகவும் சொன்னார். “வலது பக்கம் வெட்டு, நெஞ்சுல செதில் இல்ல. ரெண்டும் இருக்கற மீன் வேணும்” என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்தோம். கையுறை போட்டும் விரல் மரத்துப்போனது. பதினொரு மணி வாக்கில் பக்கத்து டீக்கடையிலிருந்து இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வரவழைத்தார். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். உங்கள் ஊரில் டீ எப்படி இருக்கும் என்று கேட்டார். நுரை இருக்கும், இவ்வளவு இனிப்பு இருக்காது என்றேன். “எங்களுக்கு இனிப்பு வேணும். பேச்சுலதான் இருக்காதே” என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

பிறகு எடுத்த ஜாடிக்குள் ஒரு காகிதம் மிதந்தது. பென்சிலால் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. பாபநாசம்.

எங்கள் ஊர் ஓடை. வாரக் கடைசியில் பேருந்து ஏறிப் போய் நான் முழங்கால் தண்ணீரில் நிற்கும் இடம். அந்த மீன்கள் எனக்கு முன்பே புனேக்கு வந்து, வருஷக்கணக்காக இந்த அலமாரியில் இருந்திருக்கின்றன. ஜாடியிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்தேன். நடுவில் ஒரு மீனின் வலது விலாவில், பிளேடால் எடுத்தது போல, சின்னச் சதுரமாக ஒரு வெட்டு. காற்று ஊதினேன். நெஞ்சு வெறுமையாக இருந்தது. செவுளில் நூலும் இல்லை, எண்ணும் இல்லை.

“மேடம்” என்றேன். மீனை அவரிடம் நீட்டினேன்.

அவர் என் கையிலிருந்து மீனை வாங்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தில் மகிழ்ச்சியை எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக நேற்றைய ஜாடியிடம் போய், எண் கட்டிய மீனை எடுத்து, அந்த நூலை வெளிச்சத்தில் பிடித்தார். அதுவரை எடுத்த மற்ற மீன்களில் எல்லாம் வெள்ளை நூல். அதில் மட்டும் பச்சை. ஃபார்மலினில் வெளிறியிருந்தாலும் பச்சை என்று தெரிந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

“பச்சை நூல் என்னோடது. எம்ப்ராய்டரி நூல்” என்றார். “ஒரு மழைக்காலத்துல இந்தக் கூரை ஒழுகிச்சு. லீவு நாள். நான் மட்டும்தான் இருந்தேன். ஜாடி உடைஞ்சு தண்ணில மீன் மிதந்தது. வாளில அள்ளிப் போட்டு வேற ஜாடிக்கு மாத்தினேன். வாளி அடியில சில எண் சீட்டு கழண்டு கிடந்தது. கட்டற நூல் நனைஞ்சுபோச்சு. கைப்பைல இது இருந்தது. எது எந்த மீனோடதுன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

மீனைத் தட்டில் வைத்தார். “அப்புறம்தான் ஆய்வகத்துல இருந்து எண்ணும் எழுத்து வரிசையும் வந்தது. மீனுக்குப் பேர் என்னன்னு கேட்டாங்க. நான் ஜாடியைத் திறந்து, அந்த எண் இருந்த மீனைப் பார்த்துப் பேர் எழுதினேன். அந்த மீனுக்கு அது சரியான பேர்தான். ஆனா அந்த மீன் அந்த எண்ணோடது இல்ல.”

அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று அவர் வராமல் இருந்திருந்தால் அந்த மீன்கள் எல்லாமே அழுகிப் போயிருக்கும். அதைச் சொன்னேன். என் கட்டுரையில் மட்டும் இதைக் குறிப்பிட்டுக்கொள்கிறேன், நீங்கள் மெதுவாகத் திருத்துங்கள் என்றும் சொன்னேன்.

“அது சரியில்ல. எங்க காலேஜ் பேர் வெளிய தெரியறதே இந்தப் பதிவுகளாலதான். அதனாலதான் இன்னைக்கே எழுதணும். உங்கள மாதிரி இன்னும் எத்தனை பேரைத் தப்புன்னு சொல்லியிருக்கோ, யாருக்குத் தெரியும்?”

பச்சை நூல் கட்டிய மற்ற மீன்களையும் அலமாரிகளில் தேடி எடுத்தார். அவற்றில் வெட்டு இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு இல்லை. “வெட்டு இருந்தா போதாது. எண்ணும் மாறியிருக்கலாம்” என்றார். அவற்றையெல்லாம் மறுபடி சோதிக்கும்வரை யாரும் நம்பக்கூடாது என்று தொகுப்புக்கு எழுத உட்கார்ந்தார். எழுதும்போது இரண்டு தடவை மின்சாரம் போனது. இணையம் ஆமை போல நகர்ந்தது. எண் சீட்டைக் கட்டியது நான், தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினார். என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டு அனுப்பினார்.

பிறகு பாபநாசத்து மீனுக்கு ஒரு புது எண் சீட்டு எழுதிக் கட்டினார். நான் தாழ்வாரத்துக்குப் போய் என் பேராசிரியரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

“அப்போ பேரு மாறலியா?”

“மாறல சார்.”

“நல்லதாப் போச்சு. பெய மீன் நம்மள என்ன பாடு படுத்திட்டு” என்றார். அவருக்கும் உள்ளூரக் கவலை இருந்திருக்கிறது.

உள்ளே வந்தால் மேடம் தக்காணத்து மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “உங்க மீனுக்கு எல்லாம் கிடைச்சிடுச்சு. எங்க ஊர் மீனுக்கு இப்போ ஒரு எழுத்துகூட இல்ல. இதுல இனிமே வெட்டியும் பிரயோஜனம் இல்ல” என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நாளைக்கு ஞாயிறு. ஆறு வரைக்கும் போகலாமா?”

காலையில் நிக்டிக்கே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கண் மட்டும் தெரிந்ததால் மைனிக்கு யாரென்று புரியவில்லை. யாரோ வீடு மாறி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வழி சொல்லி அனுப்பப் பார்த்தாள். மேடம் துப்பட்டாவை அவிழ்த்துப் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு இட்லி வைத்தாள். ஷைலஜா மேடம் சட்னியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மைனி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாளாம்.

பௌட் என்ற ஊரைத் தாண்டியதும் மலையெல்லாம் பச்சை. சரிவுகளில் திடீர் திடீரென்று அருவி. எங்கள் மலையில் மரம் மலையை மூடியிருக்கும். இங்கே புல் மூடியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு நனைந்து, குளிரில் பல் கிட்டியது. இருந்தும் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனம் அவ்வளவு லேசாக இருந்தது.

வயல் ஓரமாக ஓடி ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் நாம்தேவ் என்பவர் எங்களுக்காகக் காத்திருந்தார். மேடத்துக்குப் பழக்கமானவர். அவரும் அவர் மனைவியும் தண்ணீருக்குள் இறங்கிக் கல்லைப் புரட்ட, நாங்கள் கீழே வலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கலங்கல் தண்ணீரில் முதலில் நண்டும் இலையும்தான் வந்தன. பிறகு வலையில் ஒன்று துள்ளியது.

“மள்யா” என்றார் நாம்தேவ். அந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

மேடம் அதை மெல்லப் பிடித்து மல்லாத்தி என் பக்கம் நீட்டினார். உயிருள்ள மீனில் செதில்கள் மங்கலாக மின்னின. நெஞ்சு முழுக்க. என்னுடைய மீன் இதுதான் என்று பத்திரிகையிலிருந்து எனக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். ஜாடியில் வெளிறிக் கிடந்ததைத்தான் இதுவரை பார்த்திருந்தேன். உயிரோடு இப்போதுதான் பார்க்கிறேன். நிறமே வேறு, தலையே வேறு.

“இதைப் பார்த்துட்டு யாராவது உங்க மீன்னு சொல்லுவாங்களா?” என்றார் மேடம்.

சில மீன்களை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் முதலில் எண்ணைக் கட்டினார். அதன் பிறகுதான் வலது பக்கத்தில் வெட்டினார். குப்பியில் எண்ணை எழுதி, மீனில் இருப்பதோடு ஒத்துப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடவில்லை. மழை வலுத்தபோது குடையை நான் மீன் மேல் பிடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம்.

எடுத்தது போக மிஞ்சிய மீன்களை நாம்தேவின் மனைவி வீட்டுக்குக் கொண்டுபோய், மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தாள். சூடான பாக்ரி ரொட்டியைக் கையிலேயே தட்டிப் போட்டாள். அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து துணியைக் காயவைத்துக்கொண்டோம். மேடம் சைவம். பாக்ரிக்குக் கடலைமாவுப் பிட்லாவைத் தொட்டுக்கொண்டார். என் தட்டில் இரண்டு மள்யா வந்து விழுந்தது.

ஊரில் கல்லொட்டி சாப்பிட்டிருக்கிறேன். லேசான பாசி வாடையும் அடிநாக்கில் ஒரு கசப்பும் இருக்கும். நாங்கள் அதைப் புளிக்குழம்பில்தான் போடுவோம். முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை வாயில் வைத்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக மென்றேன். கசப்பே இல்லை. இனிப்பாக இருந்தது.

“எப்படி இருக்கு?” என்றார் மேடம்.

“வேற மீன்தான் மேடம்” என்றேன். அவர் அதை மராத்தியில் சொன்னதும், நாம்தேவின் மனைவி எனக்கு இன்னும் ஒன்றை எடுத்து வைத்தாள்.